மேல்முறையீட்டுக்கு எட்டு நாள் பாக்கி

இந்து திருமணச் சட்டம், 1955, பதினைந்தாம் பிரிவு: மணவிலக்குத் தீர்ப்பு வந்த பின், அதன்மேல் மேல்முறையீடு செய்ய உரிமை இல்லாவிட்டாலோ, உரிமை இருந்தும் யாரும் செய்யாமல் அதற்கான காலம் கழிந்துவிட்டாலோ, செய்த மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டாலோ, இரு தரப்பில் எவரும் மறுமணம் செய்துகொள்ளலாம். அந்தக் காலம் அப்போது முப்பது நாள். 2003 கடைசியில்தான் தொண்ணூறு நாளாக்கினார்கள்.

இதை எழுத எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. முப்பத்து நான்கு வருட அரசுப் பணியில், யார் எந்த விதியைக் கேட்டாலும் எண்ணோடு சொல்லிவிடுவேன். வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு துறை அலுவலகம். எந்தத் துறை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். பணியமைப்புப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். யாருக்கு விடுப்பு உண்டு, யாருக்கு ஊதிய உயர்வு, யார் பெயருக்குப் பின்னால் யார் வாரிசு, எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஊழியர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். நான் பதிலோடு ஒரு கிண்டலையும் சேர்த்துக் கொடுப்பேன். கிண்டல் இலவசம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஜீப் ஓட்டுநர் வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். நாற்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். முதல் கல்யாணம் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மாளே பிறந்த வீடு போய், அங்கிருந்தே மணவிலக்கு மனுவும் போட்டார். இவர் எதிர்க்கவில்லை. குழந்தை இல்லை. மூன்று வருடம் வாய்தா வாய்தாவாக நடந்து, 1995 ஜூன் பதினைந்தாம் தேதி தீர்ப்பு வந்தது.

அடுத்த வாரம் மாமல்லபுரம் பக்கம் ஓர் ஆய்வு முடித்துத் திரும்பும்போது, திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"சார், ஒரு டவுட்டு."

"கேளு."

"மாபலிபுரத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிக்கீது. அவங்கப்பா சிலைப் பட்டறையில மெருகு வேல. அடுத்த மாசம் ஏழாந்தேதி வச்சிக்கலாம்ன்றாங்க. அத வுட்டா ஆடி பொறந்துடும், அப்பறம் ஆவணிக்குத்தான். அதுக்குள்ள அவரு மனசு மாறிடுமோன்னு எனக்கு பேஜாரா கீது. வக்கீலு முப்பது நாளு இன்னாவோ சொன்னாரு. ஏழாந்தேதி பண்ணலாமா சார்?"

ஜூன் பதினைந்தோடு முப்பது நாள் என்றால் ஜூலை பதினைந்து. ஏழாம் தேதி கல்யாணம் என்றால் எட்டு நாள் இடிக்கிறது. டீ ஆறுவதற்குள் கணக்கு எனக்கு முடிந்துவிட்டது. எட்டு நாள் பொறுய்யா, இல்லாவிட்டால் ஆவணியில் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டீக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்பவர்கள் இருந்தால் கிண்டல் தானாக வரும்.

"அப்பீல் யாருய்யா போவாங்க? விடுதலை வேணும்னு கேட்டதே அந்தம்மா. ஜெயிச்சவங்க அப்பீல் போவாங்களா?"

"மாட்டாங்க சார்."

"நீ போகப் போறியா?"

"எனக்கு எதுக்கு சார்."

"அப்ப முப்பது நாள் யாருக்கு? வக்கீலுக்கு. நீ போய்ப் பத்திரிகை அடி."

டீக்கடைக்காரர் சிரித்தார். "அண்ணாத்த, சூப்ரண்டே சொல்லிட்டாரு. எனக்கும் ஒரு பத்திரிகை வையி."

ஓட்டுநரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. செங்கல்பட்டு வரும்வரை ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கல்யாணத்துக்கு நான் போனேன். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மேடையில் ஏறி ஒரு சில்வர் குடத்தைக் கொடுத்தபோது போட்டோக்காரர் எல்லோரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். மணப்பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. முந்தின வருடம் கோவளத்தை அடுத்த திருவிடந்தைக் கோவிலுக்குக் கல்யாண வேண்டுதலாகப் போய், பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி வந்திருக்கிறார். அந்த மாலையை வீட்டில் மாட்டி வைத்து, கல்யாணம் ஆனதும் காய்ந்த மாலையோடு தம்பதியாகத் திரும்பிப் போய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெண்ணின் அப்பா அந்த மாலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் சருகாகிவிட்டது, ஆனாலும் ஒரு பூ உதிர்ந்து நான் பார்க்கவில்லை என்றார்.

அவருக்கும் கூடப் போக ஆசை, ஆனால் முழங்கால் வலி, பஸ்ஸில் ஏற முடியாது. திங்கட்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் மாலையைச் சேர்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். வண்டியின் பயணப் பதிவேட்டில் 'கோவளம் ஆய்வு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிக நல்ல பொய் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மற்றவை அவ்வளவு நல்லவை அல்ல.

ஐந்து வருடம் போயிற்று. மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை. அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதானது. 2000 ஆகஸ்டில் எல்லா ஊழியரும் குடும்ப விவரப் படிவம் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஓட்டுநர் மனைவி பெயரும் மகள் பெயரும் எழுதி, தீர்ப்பின் நகலையும் கல்யாணப் பத்திரிகையையும் இணைத்துக் கொடுத்தார். பணிப்பதிவேட்டில் மனைவி என்ற இடத்தில் அதுவரை முதல் மனைவியின் பெயர்தான் இருந்தது.

அப்போது எங்களுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி இளைஞர், படித்தவர், தேதிகளைப் பார்க்கிறவர். என்னையும் ஓட்டுநரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"தீர்ப்பு ஜூன் பதினஞ்சு. கல்யாணம் ஜூலை ஏழு. முப்பது நாள் ஆகலையேப்பா."

ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டு, "சார்கிட்ட கேட்டுட்டுதான் பண்ணேன் சார்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சாரே இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் அதில் இருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

"நான் அப்படிச் சொல்வேனா சார்?"

கவனியுங்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. திருப்பிக் கேள்விதான் கேட்டேன். எந்த விசாரணையிலும் பொய் என்று குறிக்க முடியாத வாக்கியம் அது. அதை யோசித்துச் சொன்னதாகக்கூட நினைவில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் தானாக வந்தது.

ஓட்டுநர், "எனக்குத்தான் ஞாபகம் தப்பா இருக்கும் சார்" என்றார். பிறகு வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த வண்டியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருமுறை வந்துவிட்டதே. நாளைக்கு வேறு யாரிடமாவது சொன்னால்? நான் கண்டிப்பாக நடந்துகொண்டதாகக் கோப்பு பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி குறிப்பு எழுதினேன். 'மேல்முறையீட்டுக் காலம் முடிவடையாததை அறிந்திருந்தும், வேண்டுமென்றே மறுமணம் செய்துகொண்டுள்ளார். இத்திருமணத்தின் செல்லுந்தன்மை குறித்துத் தலைமை அலுவலகத்தின் தெளிவுரை பெறும்வரை பெயரைச் சேர்க்க இயலாது.'

மேல்முறையீட்டுக் காலத்துக்குள் நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு கல்யாணம் தானாகச் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. தாளில் இடம் இருந்தது.

தெளிவுரை வரவில்லை. தெளிவுரை கேட்பது எதற்கு என்று பணியில் இருந்த எவருக்கும் தெரியும். ஒரு விஷயத்தைக் கொல்லாமல் புதைப்பதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது.

அதற்குப் பிறகும் ஒரு வருடம், நான் ஓய்வு பெறும்வரை, அவர்தான் எனக்கு வண்டி ஓட்டினார். கதவைத் திறந்துவிடுவதில் குறைவில்லை. திருக்கழுக்குன்றத்தில் மட்டும் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார். பிரிவு உபசார நாளில் கழுத்து மாலையோடு என்னை ஊரப்பாக்கம் வீட்டில் இறக்கிவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிப் போனார்.

2003 நவம்பரில் அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. நான் போகவில்லை. மழை என்று வீட்டில் சொன்னேன். மழை பெய்துகொண்டும்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து அவர் மனைவி ஊரப்பாக்கத்துக்கு வந்தார். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில். அப்பா செய்த மெருகு வேலைக்கே இப்போது அவர் போய்க்கொண்டிருந்தார். விரல் மடிப்புகளில் கல் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தார்.

"ஆபீசுல என்ன சம்சாரம்னு ஒத்துக்க மாட்டேன்றாங்க சார். பழைய பேருதான் கீதாம். அந்தக்காவுக்கு லெட்டரு போட்டுட்டாங்க, நீதான் சம்சாரம், வந்து பென்சனுக்கு எழுதிக்குடுன்னு."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க மதுராந்தகத்துல வேற கல்யாணம் கட்டிக்கினு ரெண்டு புள்ளைங்களோட கீறாங்க. லெட்டர எடுத்துகினு எங்க வூட்டுக்கே வந்துட்டாங்க சார். 'இன்னாடி இது, வேணாம்னு மூணு வருசம் கோர்ட்டு ஏறி எறங்கினேன், கவர்மெண்டு என்ன வுட மாட்டேங்குதே'ன்னு ஒரே சிரிப்பு. அப்பறம் ரெண்டு பேருமா உக்காந்து அழுதோம். அப்பீலு கிப்பீலு ஒன்னும் போவலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறாங்க."

ஆல்பத்தைத் திறந்து ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். மேடை, மாலை, சில்வர் குடம், குடத்துக்குப் பின்னால் என் முகம். நன்றாகச் சாப்பிட்ட முகம்.

"கல்யாணத்துக்கு வந்தவங்க யாராச்சும் பெரிய ஆபீசரு சாட்சி சொன்னா நல்லாருக்கும்னாங்க. எனக்கு உங்கள வுட்டா யாரு சார் கீறாங்க."

குறிப்பை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து, "அட, நீங்க எவ்வளவு இளமையா இருக்கீங்க" என்றாள்.

மனு எழுதிக் கொடுத்தேன். என் பணியில் எழுதிய எதையும்விட நல்ல மனு. பதினைந்தாம் பிரிவின் நோக்கம், உச்ச நீதிமன்றத்தின் நிலை, மேல்முறையீடு நடக்காததற்கு முதல் மனைவியின் வாக்குமூலம், எப்படிப் பார்த்தாலும் பதினாறாம் பிரிவின்படி குழந்தையின் உரிமைக்குக் குறைவில்லை என்பது, எல்லாம் இருந்தது. கல்யாணத்துக்கு நேரில் போனவன் என்ற சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. டீக்கடை இல்லை. 'அலுவலகக் குறிப்பில் தவறுதலாக' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தத் தவறுதலுக்கு எழுவாய் இல்லை.

ஏப்ரலில் பதில் வந்தது. சட்டம் பற்றிய வாதங்கள் கவனிக்கப்பட்டன. ஆனால் காலம் முடியாததை அறிந்திருந்தும் வேண்டுமென்றே மணம் செய்தார் என்று கோப்பில் பதிவாகியுள்ளது. அரசு ஊழியர் விதியைத் தெரிந்தே மீறினாரா என்பது தெளிவாகாமல் முடிவெடுக்க இயலாது. அவர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அனுப்பலாம்.

என் வாக்கியம் என்னிடமே திரும்பி வந்திருந்தது. ஆதாரமும் ஊரப்பாக்கத்தில்தான் இருந்தது, வேட்டி கட்டிக்கொண்டு.

இந்த இடத்தில் இன்னொரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஓய்வூதிய விதிகளில் ஒன்பதாவது. ஓய்வு பெற்றவர் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் நான்கு ஆண்டுக்கு முன் நடந்த செயலுக்காக இனிப் புதிதாகத் தொடங்க முடியாது. பொய்யான பயணப் பதிவேடு 1995. அது எப்போதோ காலாவதி. நான் குறிப்பெழுதிய நாள் 2000 ஆகஸ்ட் இருபத்திரண்டு. நான்கு ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மே மாதம் ஓட்டுநரின் மனைவி வந்தார். "பாக்கலாம்மா, வேற வழி இருக்கான்னு யோசிக்கிறேன்" என்றேன். ஜூலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளியில் அப்பாவின் அலுவலகச் சான்று கேட்கிறார்கள் என்றார். "அடுத்த மாசம் வாம்மா" என்றேன். அந்தப் பெண் குழந்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த என் பிரிவு உபசாரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப்பின் பக்கத்தில் அதன் அப்பா நிற்கும் படம்.

செப்டம்பர் ஏழாம் தேதி உண்மையான கடிதத்தை எழுதினேன். டீக்கடையில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், கோவளம் போகாத ஜீப், அதிகாரி அறையில் நான் கேட்ட எதிர்க்கேள்வி, அதன்பின் எழுதிய குறிப்பு. 'அறிந்திருந்தவன் நான். ஓட்டுநர் என்னை நம்பினார்' என்று முடித்தேன். அன்று அவர் மனைவியை வரச் சொல்லியிருந்தேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் படிக்கக் கொடுத்தேன். பத்தாவது வரை படித்தவர். உதடு அசைய, நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்று, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"சார் மறந்துட்டாருன்னுதான் அவரு சொல்வாரு. 'ஆயிரம் பைலு பாக்குறவரு, நம்ம டீக்கட பேச்சா ஞாபகத்துல நிக்கும்'னுவாரு. நான்தான் கேப்பேன், ஜீப்பு குடுத்ததுகூடவா மறந்துபூடும்னு."

"மறக்கலம்மா."

"தெரியுது. அதான் எழுதிக்கீறீங்களே." தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இத நான் மொதல்ல வந்தன்னிக்கே எழுதியிருக்கலாம்தான?"

"எழுதியிருக்கலாம்."

"இன்னாத்துக்கு எழுதல?"

அன்று இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நாலு வருஷம் முடியணும்னு இருந்தேன். முன்னாடியே எழுதினா என் பென்ஷன்ல கை வைப்பாங்க."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க நல்லா காத்துக்கினு இருந்துக்கீறீங்க சார். அவரையும் ஒரு எட்டு நாளு காத்துக்கினு இருன்னு சொல்லியிருக்கலாம்."

கடிதத்தை மேசைமேல் வைத்தார். எழுந்து, ஜனவரியிலிருந்து என்னிடமே இருந்த ஆல்பத்தை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

"காப்பி குடிச்சிட்டுப் போம்மா."

"வண்டி வந்துடும்."

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரை எல்லாத் துறைக்காரர்களும் நிவாரண வேலையில் இருந்தார்கள். என் கடிதத்தைக் கேட்க அது நேரமில்லை. பட்டறைத் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேரில் போய் விசாரிக்க முகம் இல்லை. பிப்ரவரியிலும் மே மாதத்திலும் நினைவூட்டுக் கடிதம் போட்டேன். அவர் அதன்பிறகு ஊரப்பாக்கம் வரவில்லை.

பதில் வந்த அன்று காலை வீட்டில் சித்ரான்னங்கள் கிளறி வைத்திருந்தார்கள். என் மனைவியும் எதிர்வீட்டுப் பெண்களும் பூஜையறை முன்னால் உட்கார்ந்து தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் கொடுத்த பழுப்பு உறையை வாசலிலேயே நின்று பிரித்தேன்.

இரண்டே பத்தி. முதல் பத்தி: மறைந்த ஓட்டுநரின் மனைவியாக இன்னார் பெயரும், மகளாக இன்னார் பெயரும் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டன, மனுதாரருக்குத் தனியே தெரிவிக்கப்பட்டுள்ளது.

இரண்டாம் பத்தி என்னைப் பற்றியது. 'முன்னாள் கண்காணிப்பாளரின் வாக்குமூலம் கோப்பில் இணைக்கப்பட்டது. அவர் குறிப்பெழுதிய நாளுக்கும் வாக்குமூலம் அளித்த நாளுக்கும் இடையே நான்கு ஆண்டுகளும் பதினாறு நாட்களும் கழிந்துள்ளதால், மேல் நடவடிக்கைக்கு இடமில்லை.'

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் யாரோ, நாட்களைச் சரியாக எண்ணியிருக்கிறார். நானும் வாசலில் நின்றபடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான். இனி அந்தக் கோப்பைத் திறக்கிற எவருக்கும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று விளங்கும்.

"யாருகிட்டேர்ந்து?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"ஆபீஸ்" என்றேன். உறையின் மேல் மூலையில், எல்லாத் தபாலுக்கும் செய்வதுபோல், கைக்குக் கிடைத்த நாளைக் குறித்தேன்: 2005 ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு.